ராணுவக் கூட்டணிகளை நாடுகள் எப்படிப் பேசி முடிக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 செப்டம்பர் 17 அன்று ரியாத்தில் சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் ஒரு பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இரண்டில் ஒரு நாட்டின் மீது நடக்கும் ஆக்கிரமிப்பு இரண்டின் மீதும் நடந்ததாகக் கருதப்படும் என்றது கூட்டறிக்கை. "அப்படியென்றால் நாளைக்கு நமக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை வந்தால் சவூதி படை வந்து நிற்குமா?" என்ற கேள்வி உடனே கிளம்பியது. அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. "கருதப்படும்" என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அடுத்த வரியை எழுத நாடுகள் எப்படியெல்லாம் மல்லுக்கட்டியிருக்கின்றன என்பதைத்தான் இந்தப் பக்கம் சொல்கிறது. பெரும்பாலும் நேட்டோவை, அதாவது அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் 1949இல் அமைத்த ராணுவக் கூட்டணியை எடுத்துக்கொள்கிறேன். அதன் பேச்சுவார்த்தைகள் பற்றிய ஆவணங்கள் பெருமளவு வெளியே வந்துவிட்டதால் உள்ளே நடந்ததைப் பார்க்க முடிகிறது.

ஆயுதம் வாங்குவது, கூட்டுப் பயிற்சி நடத்துவது எல்லாம் ராணுவக் கூட்டணி ஆகுமா?

ஆகாது. ரஃபேல் வாங்கியதால் பிரான்ஸ் நமக்காகப் போருக்கு வரக் கடமைப்பட்டதில்லை. மலபார் கடற்பயிற்சியில் சேர்ந்து கப்பல் ஓட்டும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் அப்படித்தான். தாக்குதல் நடந்தால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே எழுத்தில் வாக்குக் கொடுத்தால்தான் அது கூட்டணி. அந்த வாக்கிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கூடிப் பேசுவோம் என்பது மிக லேசானது. உன் எதிரிக்கு உதவ மாட்டோம் என்பது அதைவிடக் கொஞ்சம் கனமானது. எங்களால் இயன்ற எல்லா ராணுவ உதவியும் செய்வோம் என்பது கிட்டத்தட்ட முழு வாக்கு. பேச்சுவார்த்தை மேசையில் நடக்கும் இழுபறி முழுக்க இந்த எடையைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும்தான்.

இழுபறி ஏன்? இரண்டு பேருக்கும் ஒரே எதிரிதானே?

எதிரி ஒன்றாக இருந்தாலும் பயம் ஒன்றாக இருப்பதில்லை. ஆபத்துக்கு அருகில் இருக்கும் நாட்டுக்கு, நெருக்கடி வரும்போது கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம். தொலைவில் இருக்கும் பெரிய நாட்டுக்கு, யாரோ கிளப்பும் சண்டைக்குள் தன்னை இழுத்துவிடுவார்களோ என்ற பயம். முதல் பயத்தைப் போக்க வாக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், இரண்டாவதைப் போக்க அது தளர்வாக இருக்க வேண்டும். ஒன்றைத் தணித்தால் மற்றது ஏறுகிறது. எந்தப் பாதுகாப்பு உடன்படிக்கையை எடுத்தாலும், இந்த இரண்டு பயங்களும் எந்த இடத்தில் வந்து நின்றன என்பதை அதன் வாசகத்தில் தடவிப் பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

முதல் பேச்சு எப்படித் தொடங்குகிறது? யார் யாரைக் கூப்பிடுவார்கள்?

பெரும்பாலும் பயந்த நாடுதான் முதலில் கூப்பிடும். 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அடுத்த மாதமே, சோவியத் ஒன்றியம் தங்களிடமும் உடன்படிக்கை கேட்டு வரப்போகிறது என்ற கவலையை நார்வே தெரிவித்தது. பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் உடனே வாஷிங்டனுக்குச் செய்தி அனுப்பினார். மார்ச் 17 அன்று பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்தும் பிரஸ்ஸல்ஸில் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நாங்களே எங்களைக் காத்துக்கொள்ள முன்வந்துவிட்டோம், இனி நீங்கள் வரலாம் என்று அமெரிக்காவுக்குக் காட்ட அது தேவைப்பட்டது.

ஐந்து நாள் கழித்து, மார்ச் 22 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா அதிகாரிகள் ரகசியமாகக் கூடினார்கள். பிரான்ஸுக்கு அழைப்பில்லை, அங்கிருந்து செய்தி மாஸ்கோவுக்குக் கசியும் என்ற சந்தேகம். ஆனால் பிரிட்டன் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் டொனால்ட் மக்லீன், சோவியத் உளவாளி. 1951இல் அவர் மாஸ்கோவுக்குத் தப்பி ஓடிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உடன்படிக்கை நேச நாடுகளின் நாடாளுமன்றங்களுக்குத் தெரியும் முன்பே, யாருக்கு எதிராக அது எழுதப்பட்டதோ அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

பேச்சுவார்த்தையில் யார் மிக முக்கியமானவர்? தூதரா, தளபதியா, அமைச்சரா?

அறைக்குள் இல்லாதவர்தான் என்று சொல்வேன். ஒப்புதல் தர வேண்டிய உள்நாட்டு நாடாளுமன்றம்.

முதல் உலகப் போருக்குப் பின் அதிபர் உட்ரோ வில்சன் பாரிஸில் பேசி முடித்த வெர்சாய் உடன்படிக்கையை அமெரிக்க செனட் ஏற்கவில்லை. அந்தக் காயம் 1948இல் எல்லோருக்கும் நினைவிருந்தது. அதிபர் ட்ரூமன் ஜனநாயகக் கட்சி, செனட் குடியரசுக் கட்சியின் கையில், அதுவும் தேர்தல் ஆண்டு. ஆகவே வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் ராபர்ட் லவெட், ஐரோப்பியர்களுடன் உட்காரும் முன் எதிர்க்கட்சிக்காரரான செனட்டர் ஆர்தர் வாண்டன்பெர்கின் குடியிருப்புக்குப் போய் உட்கார்ந்தார். இத்தகைய கூட்டணியில் அமெரிக்கா சேர வழிவிடும் வகையில் இருவரும் பேசிப் பேசி உருவாக்கிய தீர்மானம் 1948 ஜூன் 11 அன்று செனட்டில் 64க்கு 4 என்ற கணக்கில் நிறைவேறியது. ஐரோப்பியத் தூதர்களுடன் வாஷிங்டனில் முறையான பேச்சு தொடங்கியது ஜூலை 6 அன்றுதான். வெளிநாட்டுடன் பேசும் முன் உள்நாட்டுடன் பேசி முடித்துவிடுவது என்ற இந்த வரிசையை நான் மிக மதிக்கிறேன். அந்தக் கூட்டணி இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே உடன்படிக்கை செய்வது மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்தில் வருகிறது. சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தால்தான் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும்.

"ஒருவர் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதல்" என்றால் எல்லோரும் போருக்குப் போயே ஆக வேண்டுமா?

இல்லை. இதைப் பற்றித்தான் அதிகத் தவறான செய்திகள் சுற்றுகின்றன, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

நேட்டோ பேச்சு மேசையில் இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை: தாக்கப்பட்ட நாட்டுக்கு, தங்களால் இயன்ற ராணுவ உதவியும் பிற உதவியும் அனைத்தும் தருவார்கள். இன்னொன்று 1947இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செய்துகொண்ட ரியோ உடன்படிக்கை: ஒருவர் மீதான தாக்குதல் அனைவர் மீதானதாகக் கருதப்படும், ஆனால் எந்த நாட்டையும் அதன் சம்மதமின்றிப் படை பயன்படுத்தச் சொல்ல முடியாது. ஐரோப்பியர்கள் முதலாவதைக் கேட்டார்கள். அமெரிக்கர்கள் இரண்டாவதற்கு மேல் போக முடியாது என்றார்கள். போர் அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க அரசமைப்பில் காங்கிரஸிடம் இருக்கிறது, அதை ஓர் உடன்படிக்கை பறித்துக்கொள்ள முடியாது.

1948 டிசம்பரில் தயாரான வரைவு நடுவழியில் நின்றது. தாக்குதல் நடந்தால் ஒவ்வொரு நாடும் வட அட்லாண்டிக் பகுதியின் பாதுகாப்பை மீட்கத் தேவையான "ராணுவ அல்லது பிற நடவடிக்கையை" உடனே எடுக்கும் என்றது அது. 1949 ஜனவரியில் வெளியுறவுத் துறைச் செயலராக வந்த டீன் அச்செஸன் இதை செனட்டர்களிடம் காட்டியதும் சிக்கல் கிளம்பியது. வெளியுறவுக் குழுத் தலைவர் டாம் கொனலிக்கு "ராணுவ" என்ற சொல்லே பிடிக்கவில்லை. ஐரோப்பியர்கள் போரை அறிவிப்பார்கள், சண்டை போடுவது நாமா என்பது அவர் கேள்வி. பிப்ரவரி நடுவில் இது செனட் அவையிலேயே வெடித்தது. அமெரிக்கா பின்வாங்குகிறதோ என்று ஐரோப்பியத் தலைநகரங்கள் கலங்கின. பெர்லின் அப்போது சோவியத் முற்றுகைக்குள் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. விமானத்தில் நிலக்கரியும் மாவும் இறக்கிக்கொண்டிருந்த நேரம்.

முடிவில் கிடைத்த ஐந்தாவது ஷரத்து இரண்டு தரப்புக்கும் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கியது. ஆயுதப் படையைப் பயன்படுத்துவது என்ற சொற்கள் வெளிப்படையாக உள்ளே வந்தன, அது ஐரோப்பாவுக்கு. ஆனால் தேவையான நடவடிக்கை எது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கும் என்ற வாசகமும் வந்தது, அது செனட்டுக்கு. போதாதென்று, உடன்படிக்கையின் விதிகள் அந்தந்த நாட்டின் அரசமைப்பு நடைமுறைப்படி நிறைவேற்றப்படும் என்று பதினொன்றாவது ஷரத்தில் இன்னொரு முடிச்சும் போட்டார்கள். 1949 ஏப்ரல் 4 அன்று 12 நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்திட்டன. ஜூலை 21 அன்று செனட் 82க்கு 13 என்று ஒப்புதல் கொடுத்தது.

ஐந்தாவது ஷரத்து இதுவரை ஒரே ஒரு முறைதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பாவைக் காக்க எழுதிய ஷரத்து, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்காகப் பயன்பட்டது. கூட்டணி என்ற முறையில் முதலில் செய்த உதவிகளில் ஒன்று, 7 அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்களை அமெரிக்க வானத்துக்கு அனுப்பியது. அந்தந்த நாடு தேவையென்று கருதுவது என்பதன் பொருள் இதுதான். படை அனுப்புவதும் அதற்குள் அடங்கும், விமானம் அனுப்புவதும் அடங்கும்.

எந்த மண்ணைக் காக்க வேண்டும் என்பதும் பேரமா?

பெரிய பேரம். ஐந்தாவது ஷரத்தைப் படிப்பவர்கள் ஆறாவதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தாக்குதல் எங்கே நடந்தால் கணக்கு என்பதை அதுதான் சொல்கிறது: ஐரோப்பா, வட அமெரிக்கா, கடகரேகைக்கு வடக்கே உள்ள அட்லாண்டிக் தீவுகள். பிரான்ஸ் விடாப்பிடியாக நின்று அல்ஜீரியாவையும் அப்போது சேர்க்க வைத்தது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் அந்த வரி செத்துப்போனது. மற்ற காலனிகளைச் சேர்க்க அமெரிக்கா ஒப்பவில்லை. ஐரோப்பியர்களின் காலனிப் போர்களுக்குள் சிக்க அதற்கு விருப்பமில்லை.

இந்தக் கோட்டின் பலன் நமக்கும் கிடைத்தது. போர்ச்சுகல் நேட்டோவின் தொடக்க உறுப்பினர். 1961 டிசம்பர் 18 அன்று இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்து மறுநாள் முடித்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்காவும் பிரிட்டனும் இந்தியாவுக்கு எதிராக நின்றன, தீர்மானத்தை சோவியத் ஒன்றியம் வீட்டோ செய்தது. ஆனால் நேட்டோ என்ற பெயரில் ஒரு படகு கூட வரவில்லை, வர வேண்டிய கடமையும் இல்லை. கோவா அந்த வரைபடத்துக்கு வெளியே இருந்தது. 1982இல் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது பிரிட்டனுக்கும் இதே கதைதான். அமெரிக்க மாநிலமான ஹவாய் இன்றும் அந்த வரைபடத்தில் இல்லை.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை எப்படி முடிவு செய்தார்கள்?

பெரும்பாலும் நிலத்தைப் பார்த்து. ஜனநாயகம், சுதந்திரம் என்றெல்லாம் முகவுரையில் எழுதியிருந்தாலும் சலசாரின் சர்வாதிகாரப் போர்ச்சுகல் உள்ளே வந்தது, காரணம் அட்லாண்டிக் நடுவில் இருக்கும் அசோரஸ் தீவுகள். டென்மார்க்கிடம் கிரீன்லாந்து இருந்தது. இத்தாலிக்கு அட்லாண்டிக் கடற்கரையே இல்லை, அதைச் சேர்ப்பதா என்று நெடுநாள் வாதாடினார்கள், பிரான்ஸ் அதன் பக்கம் நின்றது. அயர்லாந்து, தீவு இரண்டாகப் பிரிந்திருக்கும் வரை வர மாட்டோம் என்றது. சுவீடன் நார்வேயையும் டென்மார்க்கையும் சேர்த்துத் தனி நார்டிக் கூட்டணி அமைக்கப் பார்த்தது, 1949 ஜனவரியோடு அந்தப் பேச்சு முறிந்தது. நார்வே நேட்டோவில் சேர்ந்தாலும், தாக்கப்படாத வரை தன் மண்ணில் அந்நியப் படைத்தளம் இராது என்று மாஸ்கோவுக்கு உறுதி கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தது.

என் மனத்தில் நிற்பது ஐஸ்லாந்து. அதற்கு ராணுவமே கிடையாது. கொடுக்க இருந்தது கடல் நடுவில் உள்ள இடம் மட்டும். அமைச்சர்கள் 1949 மார்ச்சில் வாஷிங்டன் போய், எங்களிடம் படை இல்லை, படை வைக்கவும் போவதில்லை, அமைதிக் காலத்தில் அந்நியப் படை இங்கே தங்கக் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஊரில் அதுவும் எடுபடவில்லை. மார்ச் 30 அன்று ரெய்க்யாவிக்கில் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் மக்கள் திரண்டு கல்லெறிந்தார்கள், கண்ணாடிகள் உடைந்தன, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளே 37க்கு 13 என்று தீர்மானம் நிறைவேறியது. ஐந்து நாளில் வாஷிங்டனில் கையெழுத்து. கொரியப் போர் மூண்ட பிறகு, 1951இல் அமெரிக்காவுடன் தனி ஒப்பந்தம் போட்டு அமெரிக்கப் படை அங்கே வந்து சேர்ந்தது. அந்தக் கல்லெறிந்தவர்களின் சந்தேகம் ஆதாரமில்லாதது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சிறிய நாட்டால் பெரிய நாட்டிடம் பேரம் பேச முடியுமா?

முடியும். பெரிய நாட்டுக்கு அவசரமாகத் தேவைப்படும் ஒன்றைத் தடுக்கும் சக்தி கையில் இருந்தால் போதும்.

1953இல் கொரியப் போரை நிறுத்தி வீடு திரும்ப அமெரிக்கா துடித்துக்கொண்டிருந்தது. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீக்குப் போர் நிறுத்தமே வேண்டாம். பாதுகாப்பு உடன்படிக்கை இல்லாமல் அமெரிக்கா போய்விட்டால் வடக்கிலிருந்து மறுபடி வருவார்கள் என்பது அவர் பயம். ஜூன் 18 அன்று, கைதிகள் விவகாரத்தில் நுட்பமாகப் பேசி முடிக்கப்பட்டிருந்த ஏற்பாட்டைக் குலைக்கும்படி, வடக்கே திரும்ப மறுத்த சுமார் 27,000 போர்க் கைதிகளை முகாம் கதவுகளைத் திறந்து வெளியே விட்டுவிட்டார். வாஷிங்டன் அதிர்ந்துபோய் வெளியுறவுத் துறை அதிகாரி வால்டர் ராபர்ட்சனை சியோலுக்கு அனுப்பியது. இரண்டு வாரத்துக்கு மேல் பேச்சு நடந்தது. போர் நிறுத்தத்தில் கையெழுத்திட மாட்டேன், ஆனால் தடுக்கவும் மாட்டேன் என்று ரீ இறங்கி வந்தார். பதிலுக்குப் பாதுகாப்பு உடன்படிக்கை, பொருளாதார உதவி, தென்கொரிய ராணுவத்தை விரிவாக்க உதவி. உடன்படிக்கை 1953 அக்டோபர் 1 அன்று கையெழுத்தானது.

ஆனால் அமெரிக்க செனட் ஒப்புதல் கொடுக்கும்போது ஒரு குறிப்பைச் சேர்த்தது: வெளியிலிருந்து தாக்குதல் வந்தால்தான் உதவி. அதாவது, ரீ தானாக வடக்கே படையெடுத்தால் அமெரிக்கா பொறுப்பல்ல. இழுத்துவிடப்படும் பயத்துக்கு அங்கே ஒரு பூட்டுப் போட்டார்கள்.

அண்மையில் துருக்கி இதைச் செய்து காட்டியது. புதியவரைச் சேர்க்க எல்லா உறுப்பினர்களும் ஒப்ப வேண்டும் என்பது நேட்டோ விதி. 2022 மே மாதம் பின்லாந்தும் சுவீடனும் விண்ணப்பித்தபோது, குர்து அமைப்புகள் மீதான நிலைப்பாடு, ஆயுத ஏற்றுமதித் தடை ஆகியவற்றைக் காட்டித் துருக்கி நிறுத்தி வைத்தது. ஜூன் 28 அன்று மாட்ரிட்டில் மூன்று நாடுகளும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன, அதற்குப் பிறகும் இழுத்தடிப்புத்தான். பின்லாந்து 2023 ஏப்ரலில் உள்ளே போனது. சுவீடனுக்குத் துருக்கி நாடாளுமன்றம் 2024 ஜனவரி 23 அன்று ஒப்புதல் கொடுத்தது. மூன்றே நாளில், சுமார் 2,300 கோடி டாலர் மதிப்புள்ள எஃப்-16 விமானங்களையும் மேம்பாட்டுக் கருவிகளையும் துருக்கிக்கு விற்க அமெரிக்க அரசு அனுமதித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு என்று எந்த உறுப்பினர் சேர்க்கை ஆவணத்திலும் எழுதவில்லை. கடைசியாக மிஞ்சிய ஹங்கேரி, சுவீடனிடம் 4 கிரிப்பன் போர் விமானங்கள் வாங்குவதாக அறிவித்த சில நாளில் வாக்களித்தது.

படைத்தளம், செலவு, சிப்பாய் செய்யும் குற்றம் இதையெல்லாம் எங்கே பேசுவார்கள்?

தனி ஒப்பந்தங்களில். பெரிய உடன்படிக்கை சில பக்கங்களில் முடிந்துவிடும், சுற்றியுள்ள துணை ஒப்பந்தங்கள்தான் பருமன். சாதாரண மக்களைத் தொடுவதும் அவைதான்.

1957 ஜனவரியில் ஜப்பானின் குன்மா மாகாணத்தில், அமெரிக்கப் படையின் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி விற்று வாழ்ந்த ஒரு பெண்ணை அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் சுட்டுக் கொன்றார். அவர் பணியில் இருந்தபோது செய்தாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் தொங்கியது. பணியில் என்றால் விசாரிப்பது அமெரிக்கா, இல்லையென்றால் ஜப்பான். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், ஜப்பானிடம் ஒப்படைக்கலாம் என்று தீர்ப்பானது. ஜப்பானிய நீதிமன்றம் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனைதான் கொடுத்தது. கூட்டணி பற்றி ஜப்பானில் எழுந்த கோபத்துக்கு இத்தகைய சம்பவங்கள் எவ்வளவு காரணமோ, எந்தத் தத்துவமும் அவ்வளவு காரணமில்லை.

செலவுப் பங்கீடும் அப்படியே. தென்கொரியாவில் உள்ள அமெரிக்கப் படைக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதை 1991 முதல் தனி ஒப்பந்தங்கள் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். 2019இல் டிரம்ப் நிர்வாகம் பல மடங்கு கேட்டது, பேச்சு முடங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் தளங்களில் வேலை பார்த்த சுமார் 4,000 கொரிய ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சமையலறையிலும் கிடங்கிலும் வேலை பார்த்தவர்களுக்குத்தான் வல்லரசுகளின் பேரம் முதலில் சுட்டது. 2021 மார்ச்சில் 13.9 விழுக்காடு உயர்வு என்று முடித்தார்கள்.

பேச்சு முறிந்துபோன உதாரணம் உண்டா?

வரலாற்றிலேயே மிகக் கனமான முறிவு 1939 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்தது. ஹிட்லரைத் தடுக்க பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் மூன்றும் ராணுவ ஒப்பந்தம் பேச வேண்டியிருந்தது. பிரிட்டனின் குழு விமானத்தில் போகாமல், மெதுவாக ஊரும் ஒரு பயணிக் கப்பலில் ஆகஸ்ட் 5 அன்று கிளம்பி 11ஆம் தேதிதான் மாஸ்கோ சேர்ந்தது. தலைவர் அட்மிரல் டிராக்ஸிடம், பேசவும் கையெழுத்திடவும் அதிகாரம் தரும் கடிதமே இல்லை. எதிரே சோவியத் பாதுகாப்பு அமைச்சர் வொரோஷிலோவ் முழு அதிகாரத்துடன் உட்கார்ந்திருந்தார். முதல் நாளே அதிகாரப் பத்திரங்களைக் காட்டச் சொன்னார்.

14ஆம் தேதி அவர் நேரடியாகக் கேட்டார்: ஜெர்மனி தாக்கினால், அதனுடன் மோத எங்கள் படை போலந்து வழியாகப் போக விடுவார்களா? பதில் இல்லை. போலந்து அந்த அறையில் இல்லை, அதனிடம் முன்கூட்டிக் கேட்டு வைக்கவும் இல்லை. கேட்டபோது போலந்து மறுத்தது. ரஷ்யப் படை உள்ளே வந்தால் திரும்பிப் போகாது என்ற அதன் அச்சம் நியாயமானதே. அந்தப் பேச்சு ஒத்திவைக்கப்பட்டு நின்றது. 23ஆம் தேதி ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் விமானத்தில் வந்து இறங்கி அன்றிரவே ஸ்டாலினுடன் ஒப்பந்தத்தை முடித்தார், போலந்தைப் பங்குபோடும் ரகசிய இணைப்புடன். ஒன்பது நாளில் உலகப் போர். ஸ்டாலின் எப்படியும் ஹிட்லர் பக்கம்தான் சாய்ந்திருப்பார் என்று வாதிடுபவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அதிகாரமில்லாத ஆளைக் கப்பலில் அனுப்பியது, சாய்வதற்கு அவருக்குக் காரணத்தைக் கொடுத்தது.

1971 இந்திய–சோவியத் உடன்படிக்கை ராணுவக் கூட்டணிதானே?

வாசகப்படி இல்லை. ஆகஸ்ட் 9 அன்று டெல்லியில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் ஆந்திரே குரோமிகோவும் கையெழுத்திட்டார்கள். அதன் ஒன்பதாவது ஷரத்து, ஒருவருடன் போரிடும் மூன்றாம் நாட்டுக்கு மற்றவர் உதவ மாட்டார் என்கிறது. தாக்குதலோ அச்சுறுத்தலோ வந்தால் உடனே கலந்து பேசி, அதை அகற்றத் தக்க நடவடிக்கை எடுப்பார்கள் என்கிறது. படை அனுப்புவோம் என்று எங்கும் இல்லை. நான்காவது ஷரத்தில் இந்தியாவின் அணிசேராக் கொள்கையை சோவியத் ஒன்றியம் மதிப்பதாகவே எழுத வைத்தார்கள். பாதுகாப்பும் வேண்டும், அணியில் சேர்ந்த பெயரும் வேண்டாம் என்ற இரண்டையும் ஒரே தாளில் வாங்கிய இந்த வரைவை, நம் வெளியுறவுத் துறையின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

இதன் பேச்சு 1969லேயே தொடங்கியது. மாஸ்கோவில் தூதராக இருந்த டி.பி. தர் அதை நகர்த்தியவர்களில் முக்கியமானவர். டெல்லி அவசரப்படவில்லை. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வெள்ளமாக வந்து, 1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பெய்ஜிங் போய்வந்தது வெளியானதும் கிடப்பில் இருந்த தாள் சில வாரங்களில் கையெழுத்தானது. டிசம்பர் போரில் சோவியத் ஒன்றியம் பாதுகாப்பு அவையில் மூன்று முறை வீட்டோ பயன்படுத்தி, டாக்கா விழும் வரை நேரம் வாங்கிக் கொடுத்தது.

பாகிஸ்தான் அப்போது அமெரிக்கக் கூட்டணியில் இருந்ததே, ஏன் பயன்படவில்லை?

1954இல் மணிலாவில் உருவான சீட்டோ என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டணியில் பாகிஸ்தான் சேர்ந்தது. ஆனால் அதே உடன்படிக்கையில் அமெரிக்கா தன் பெயருக்குக் கீழே ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்துவிட்டது: ஆக்கிரமிப்பு என்று நாங்கள் சொல்வது கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்பை மட்டும். இந்தியாவுடனான சண்டை அதில் வராது. 1965 போரில் உதவி வரவில்லை, இரு நாடுகளுக்கும் ஆயுதம் கொடுப்பதை அமெரிக்கா நிறுத்தியது. அமெரிக்க ஆயுதங்களை முக்கியமாக நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அடி அதிகம்.

இலங்கை எப்போதாவது இப்படி ஓர் உடன்படிக்கையில் இருந்ததா?

இருந்தது. விடுதலைக்கு மூன்று மாதம் முன்பு, 1947 நவம்பரில், பிரிட்டனுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரிட்டனிடம் தொடர்ந்தன. பரஸ்பர நலனுக்கு ஏற்ற அளவில் ராணுவ உதவி செய்துகொள்வோம் என்பதே வாக்கு, அளவை யார் தீர்மானிப்பது என்று எழுதவில்லை. 1948இல் இலங்கையின் ஐ.நா. உறுப்புரிமையை சோவியத் ஒன்றியம் வீட்டோ செய்தது, இது உண்மையான விடுதலை அல்ல என்று சொல்லி. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க தளங்களைத் திருப்பிக் கேட்டார், 1957இல் அவை கைமாறின. 1987 ஜூலை இந்திய–இலங்கை ஒப்பந்தத்துடன் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் ராணுவமும் திருகோணமலையைப் பயன்படுத்த விடுவதில்லை என்ற வாக்கு வந்தது. ஒப்பந்தத்தை விடக் கடிதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ரகசிய ஷரத்துகள் இன்றும் உண்டா?

ஐ.நா. சாசனத்தின் 102ஆவது பிரிவு எல்லா உடன்படிக்கைகளையும் பதிவு செய்யச் சொல்கிறது. பதியாவிட்டால் ஐ.நா. அமைப்புகளிடம் அதைக் காட்டி உரிமை கோர முடியாது, அவ்வளவே. நடைமுறையில் போர்த் திட்டங்களும் தளப் பயன்பாட்டு விவரங்களும் ரகசியமாகவே இருக்கின்றன.

ஒருமுறை சேர்ந்தால் விலக முடியாதா?

முடியும். நேட்டோவில் முதல் 20 ஆண்டுகள் கழிந்த பிறகு எந்த நாடும் ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்று பதின்மூன்றாவது ஷரத்து சொல்கிறது. இதுவரை யாரும் போகவில்லை. 1966இல் அதிபர் டி கோல் பிரான்ஸை ஒருங்கிணைந்த ராணுவத் தலைமையிலிருந்து விலக்கி, அந்நியப் படைகளை வெளியேறச் சொன்னார். ஆனால் உடன்படிக்கையில் தொடர்ந்தார். 2009இல் பிரான்ஸ் தலைமை அமைப்புக்குத் திரும்பியது.

யாரும் விலகாமலே ஒரு கூட்டணி நின்றுபோவதும் உண்டு. 1951இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றும் ஆன்ஸஸ் உடன்படிக்கை செய்தன. அணு ஆயுதம் தாங்கிய கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கு வரக் கூடாது என்று 1984இல் வென்ற நியூசிலாந்தின் டேவிட் லாங்கே அரசு முடிவெடுத்தது. தன் கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கொள்கை. ஆகவே 1985 தொடக்கத்தில் யுஎஸ்எஸ் புக்கானன் என்ற போர்க்கப்பலுக்கு நியூசிலாந்து அனுமதி மறுத்தது. 1986இல், நியூசிலாந்துக்கான தன் பாதுகாப்புக் கடமையை நிறுத்தி வைப்பதாக அமெரிக்கா அறிவித்தது. உடன்படிக்கையை யாரும் ரத்து செய்யவில்லை, தாள் இன்றும் அப்படியே இருக்கிறது.